உரேடியாவின் உப்பு முடிச்சு

உரேடியாவின் இடுப்புத் துணியின் ஒரு முனையில் எப்போதும் ஒரு முடிச்சு இருக்கும். அவள் வயதுப் பெண்கள் அந்த இடத்தில் காசை முடிந்துகொள்வார்கள். உரேடியா முடிந்திருந்தது உப்பு. துணி மாற்றும்போது முடிச்சும் பழைய துணியிலிருந்து புதுத் துணிக்கு மாறும். தேவாலயத்துக்குப் போகும் நல்ல துணியிலும் அது இருக்கும்.

ஆஃபோ சந்தையில் அவள் உப்பு விற்றாள். சுற்றியிருந்த இளம்பெண்களுக்கு அந்த முடிச்சு ஒரு வேடிக்கை.

"மூட்டை மூட்டையா உப்பு முன்னால கெடக்கு. அப்புறம் அந்த முடிச்சுல என்னம்மா, தங்கமா?"

"தங்கத்த நக்கிப் பாத்திருக்கியா? ருசியா இருந்தா சொல்லு, மாத்தி முடிஞ்சுக்கறேன்."

அவர்கள் சிரிப்பார்கள். மிளகாய் விற்ற உகோயே மட்டும் சிரிக்கமாட்டாள். அவளும் உரேடியாவும் ஒரே வயது. அந்த உப்பு வந்த வழியில் அவளும் நடந்திருக்கிறாள்.

நைஜீரியாவிலிருந்து பியாஃப்ரா பிரிந்து நின்ற போரின் இரண்டாவது ஆண்டில், எதிரிப் படை வழியை அடைத்ததால், ஊருக்குள் உப்பு வருவது நின்றுபோனது. உரேடியாவின் கணவன் சண்டைக்குப் போயிருந்தான். ஒருமுறை நான்கு நாள் விடுப்பில் வந்தான், திரும்பிப் போனான், பிறகு வரவேயில்லை. வீட்டில் மூன்று வயது மகன் ஒகேசி இருந்தான். வயிற்றில் அந்த நான்கு நாளின் பிள்ளை இருந்தது. ஆடு போயிற்று, கோழி போயிற்று, ஓணானைக்கூடத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பப்பாளி இலையை அவித்துக் கொடுத்தால் ஒகேசி வாயில் வைத்துவிட்டுத் துப்பினான்.

"அம்மா, உப்பு."

"நாளைக்கு."

தினமும் நாளைக்கு என்றாள். பிறகு பையனின் தலைமுடி செம்பட்டையானது. பாதம் வீங்கியது. உரேடியா அவன் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. அந்தக் குழியைப் பார்க்க ஊரில் எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்திருந்தது. குழி மேலெழும்பாவிட்டால் உயிர் இரண்டு வாரம்தான், சில பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. உப்பில்லாத உடம்புதான் வீங்குகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். பாலும் மீனும் இல்லாததால் என்று நிவாரண முகாமில் வெள்ளை உடை அணிந்த பெண் சொன்னாள். ஆனால் பால் இல்லாமல் எத்தனையோ தலைமுறை வளர்ந்த ஊர் அது. உப்பில்லாமல் யாரும் வளர்ந்ததில்லை.

எதிரிப் படையின் பக்கம் போய்ச் சாமான் வாங்கிவரும் பெண்கள் இருந்தார்கள். சண்டைக்குப் போவதுபோல் போவதால் அதற்குத் தாக்குதல் சந்தை என்று பேர். உரேடியா கல்யாணப் பவழமாலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அந்தப் பெண்களோடு கிளம்பினாள். உகோயேயும் வந்தாள். ஒகேசியை உரேடியா தன் கணவனின் அண்ணனிடம் விட்டாள். வயிற்றில் ஐந்து மாதம்.

போகும்போது சதுப்பில் இடுப்பளவு தண்ணீர். வரும்போது ஒவ்வொருத்தியும் உப்பை நீளப் பையாகத் தைத்து உடம்பில் கட்டியிருந்தாள். உரேடியா தன் வயிற்றுக்குக் கீழே கட்டிக்கொண்டாள்.

"ரெட்டைப் புள்ள மாதிரி இருக்குடி," என்றாள் உகோயே. "ஒண்ணு உன் புருஷன் குடுத்தது, ஒண்ணு எதிரி குடுத்தது."

"எதிரி குடுத்ததுதான் கனமா இருக்கு."

"உன் புருஷன் திரும்பி வந்தா எதைக் கட்டிப் பிடிப்பான்னு நினைக்கிற? உன்னையா, உப்பையா?"

"உப்பை நக்கிட்டு அப்புறம் என்னைப் பாப்பான்."

தண்ணீரில் நின்றபடியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதுதான் உரேடியா அந்த வயதில் கடைசியாகச் சிரித்த சிரிப்பு.

ஒன்பதாம் நாள் ஊருக்கு வந்தாள். கணவனின் அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்தும் எழவில்லை. வீட்டுக்குப் பின்னால், வாழைக்கு அப்பால், புது மண் குவிந்திருந்தது. ஆறு நாள் ஆகியிருந்தது.

அன்று அவள் அடுப்பு மூட்டினாள். பப்பாளி இலையை அவித்து உப்புப் போட்டாள். சுற்றியிருந்த உறவு வீடுகளில் மிஞ்சிய பிள்ளைகள் எல்லாம் வாசனை பிடித்து வந்துவிட்டார்கள். உப்புக்கு வாசனை உண்டு என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் கொடுத்தாள். வயிற்றில் ஒன்று இருந்ததால் தானும் உண்டாள். ஒரு கைப்பிடியை மட்டும் எடுத்துத் துணி முனையில் முடிந்தாள்.

மார்ச் மாதம் பெண் பிறந்தது. உள்ளங்கையில் வைத்தால் தலையும் காலும் சற்றே வெளியே தெரியும், அவ்வளவுதான். உரேடியா அவளுக்கு ஓபியாகேலி என்று பெயர் வைத்தாள். உண்டு வாழ வந்தவள் என்று பொருள்.

"எதை உண்ண?" என்று கேட்டார் கணவனின் அண்ணன். கேட்டுவிட்டு அவரே அழுதார்.

உண்டு வாழ்ந்தாள். போர் முடிந்தது, கிழங்கு வந்தது, மீன் வந்தது. உரேடியா சந்தையில் உப்பு விற்று அவளை வளர்த்தாள். கிண்ணத்தில் குவித்து அளந்த பிறகு, பிள்ளையோடு வந்த பெண்களுக்கு மேலே ஒரு சிட்டிகை போடுவாள். ஓபியாகேலி பள்ளிக்கூடம் கிளம்பும்போது அம்மாவின் துணி முனையைத் தடவி முடிச்சைக் கண்டுபிடிப்பாள். உரேடியா அவிழ்த்து ஒரு கல் எடுத்து அவள் நாக்கில் வைப்பாள். வேறு வீடுகளில் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார்கள். இந்த வீட்டில் இதுதான். ஆசிரியர் பயிற்சிக்கு எனுகு நகரத்துக்குப் பஸ் ஏறிய அன்றுகூட, பஸ் படியில் நின்றுகொண்டு நாக்கை நீட்டினாள். பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள்.

எனுகுவிலேயே அவளுக்கு வேலை கிடைத்தது. உசொன்டு என்ற பள்ளி எழுத்தரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நன்றாகச் சாப்பிட்டாள், உடம்பு பூசினாற்போல் ஆனது. ஊருக்கு வரும்போதெல்லாம் உரேடியா அவள் கன்னத்தைப் பிடித்துப் பார்த்துச் சந்தோஷப்படுவாள்.

நாற்பத்தொரு வயதில், மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஓபியாகேலி கரும்பலகையைப் பிடித்தபடி கீழே சரிந்தாள். மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, நர்ஸ் கருவி கெட்டுப்போயிற்றோ என்று இன்னொன்றை எடுத்து வந்தாள்.

வீட்டில் படுத்து ஓய்வெடுக்கச் சொன்னார்கள். உரேடியா உப்புக் கடையை உகோயேயிடம் விட்டுவிட்டுச் சமைத்துப்போட எனுகுவுக்கு வந்தாள். சமையலறையில் எல்லா டப்பாவையும் திறந்து பார்த்தாள்.

"உப்பு எங்க?"

"தூக்கிப் போட்டாச்சும்மா," என்றாள் ஓபியாகேலி. "டாக்டர் சொல்லிட்டாங்க. ஒரு கல்லு கூடக் கூடாது."

"கூடாதுன்னா? கொஞ்சமா?"

"கொஞ்சமும் கூடாது."

"உப்பு விக்கிறவ மகளுக்கு உப்பு கூடாதாம். எங்க படிச்சா அந்த டாக்டரு?"

"உன் கிட்டதான் படிச்சிருக்கணும். போ, சமை."

மூன்று நாள் உரேடியா உப்பில்லாமல் சமைத்தாள். கசப்பிலைக் குழம்பு, மரவள்ளிக் களி. ஓபியாகேலி களியை உருட்டிக் குழம்பில் தொட்டு விழுங்குவாள், நான்காவது உருண்டையில் தட்டைத் தள்ளிவிடுவாள். உசொன்டு சாப்பிட்டுவிட்டு, வெளியே போய்ப் பொரித்த வாழைக்காய் வாங்கித் தின்றுவிட்டு வந்தான். அவன் வாயோரத்தில் எண்ணெய் மின்னியதை உரேடியா பார்த்தாள்.

தள்ளிவிட்ட தட்டை அவளால் பார்க்க முடியவில்லை. நான்காம் நாள், குழம்பை இறக்கும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்த்தாள். பிறகு துணி முனையை அவிழ்த்து, விரல் நுனியில் ஒட்டியதைக் குழம்பில் உதறினாள். அவ்வளவுதான். ஓபியாகேலி தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

"இன்னிக்கு நல்லா இருக்கும்மா. என்ன போட்ட?"

"இலைய நல்லாக் கசக்கிப் போட்டேன்."

மறுநாள் விரல் நுனி சிட்டிகையாயிற்று.

மாத முடிவில் மகளோடு உரேடியாவும் மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர் நெபெச்சி சின்னப் பெண், தன் பேத்தி வயதுதான் இருக்கும் என்று உரேடியா நினைத்தாள். அழுத்தம் குறையவில்லை. டாக்டர் சீட்டைப் புரட்டினாள்.

"எந்த வருஷம் பொறந்தீங்க?"

"அறுபத்தொம்பது. மார்ச்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "போருக்கு நடுவுல."

"நடுவுலதான்."

"அந்த ரெண்டு மூணு வருஷத்துல பொறந்தவங்க நிறைய பேரு இப்படி வர்றாங்க. எல்லாருக்கும் வரும்னு இல்ல, ஆனா மத்தவங்களவிட அதிகம். வயித்துலயே பட்டினி கெடந்த உடம்பு. உள்ள இருக்கிறதெல்லாம் சிக்கனமா அமைஞ்சு போயிடுது. அப்புறம் நல்லா சாப்பிடற காலம் வந்தா அந்த உடம்பால தாங்க முடியறதில்ல."

உரேடியா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "நான் உப்பு சாப்பிட்டேனே டாக்டரம்மா. இவ வயித்துல இருக்கும்போது. இவளுக்காகத்தான் சாப்பிட்டேன்."

"உப்பு மட்டும் போதாதும்மா. பாலு, மீனு, முட்டை எதுவுமே இல்லையே அப்ப. அது உங்க தப்பு இல்ல."

தப்பு இல்லை என்ற சொல் உரேடியாவின் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. அவளுக்குத் தெரிந்த வரையில் அந்த வயிறு அவளுடையது.

"வீட்ல யாரு சமைக்கிறது? உப்பு சுத்தமா நிறுத்தியாச்சா?"

"அம்மாதான் சமைக்கிறாங்க," என்றாள் ஓபியாகேலி. "ஒரு கல்லு உப்பு வீட்ல கெடையாது டாக்டர். பாவம், உப்பு வியாபாரி. எனக்காக அடக்கிட்டு இருக்காங்க."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். உரேடியாவின் கை துணி முனைக்குப் போனது. முடிச்சை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். டாக்டர் எழுதத் தொடங்கிவிட்டாள். இரண்டாவதாக ஒரு மாத்திரை சேர்த்தாள், ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள், ஓபியாகேலி தலையாட்டினாள். அத்தோடு எழுந்துவிட்டார்கள்.

அன்றோடு உரேடியா நிறுத்தினாள். இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் அவளைப் பற்றிப் பேசியவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை. பதினோரு நாள் முடிச்சை அவிழ்க்கவில்லை. தள்ளிய தட்டை எடுத்துக் கழுவினாள். உப்பில்லாத குழம்புக்கு இஞ்சி தட்டினாள், மணத்துக்குப் புளிக்கவைத்த விதை சேர்த்தாள், மிளகாயைக் கூட்டினாள். ஓபியாகேலி, "உகோயே பெரியம்மா கடையையே கொட்டிட்ட போல," என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆனால் சாப்பிட்டாள். மறுபடி அழுத்தம் பார்த்தபோது இறங்கியிருந்தது. உசொன்டு அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினான்.

பன்னிரண்டாம் நாள் ஓபியாகேலி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். உரேடியா எண்ணெய் தேய்த்துவிட அவள் காலைப் பிடித்தாள். செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. கணுக்காலைச் சுற்றித் தோல் பளபளத்தது.

உரேடியா கட்டைவிரலால் எலும்பின் மேல் அழுத்தினாள். எடுத்தாள்.

குழி அப்படியே இருந்தது.

"என்னம்மா ஆச்சு? ஏன் இப்படிப் பாக்குற?"

"கால் வீங்கியிருக்கு."

"அதுவா? புது மாத்திரையால வர்றது. டாக்டர் அன்னிக்கே சொன்னாங்க, கொஞ்சம் வீங்கும், பயப்படாதீங்கன்னு."

"மாத்திரை வீங்க வைக்குமா? வீங்கறதுக்கா மருந்து குடுப்பாங்க?"

"விடும்மா. வலிக்கல."

ஒகேசியும் வலிக்கவில்லை என்றுதான் சொன்னான்.

உரேடியா சமையலறைக்குப் போய்க் குழம்புப் பானைக்கு முன்னால் நின்றாள். டாக்டர் சின்னப் பெண். போரைப் புத்தகத்தில் படித்தவள். குழியைப் பற்றி அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? உப்பை நிறுத்தினார்கள், பன்னிரண்டாம் நாள் கால் வீங்கிவிட்டது. இதைவிட வெளிச்சமாக ஒன்றை யாரால் சொல்ல முடியும்? இரண்டு வாரம், சில பேருக்கு அதைவிடக் குறைவு. அந்த முறை அவள் ஆறு நாள் தாமதித்து வந்தாள். இந்த முறை உப்பு கைக்கெட்டும் தூரத்தில், தன் இடுப்பிலேயே இருந்தது.

முடிச்சை அவிழ்த்தாள். சிட்டிகையாகப் போடவில்லை.

மிளகாயும் புளித்த விதையும் அதை மறைத்தன. காலையில் கஞ்சியிலும் போட்டாள். முடிச்சு தீர்ந்ததும் கடைக்குப் போய் வாங்கிவந்து முடிந்துகொண்டாள். தினமும் மகளின் காலை அழுத்திப் பார்த்தாள். வீக்கம் குறையவில்லை. போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் போட்டாள்.

ஒன்பதாம் நாள் காலை, ஓபியாகேலி பல் துலக்கப் போனவள் அம்மா என்று கூப்பிட்டாள். அந்தச் சொல் பாதியில் கோணிக்கொண்டது. உரேடியா ஓடியபோது அவள் தொட்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். வலது கை தொங்கியது. வாயின் ஒரு பக்கம் மட்டும் ஏதோ சொல்லப் பார்த்தது.

மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தாள். உயிர் பிழைத்தாள். வலது பக்கம் மீண்டு வரவில்லை. பேச்சில் ஐந்தாறு சொற்கள் மிஞ்சின.

மருத்துவமனை வராந்தாவில் வைத்து உரேடியா மருமகனிடம் சொன்னாள். முழுவதும் சொன்னாள், விரல் நுனியிலிருந்து கடைக்குப் போய் வாங்கியது வரை. உசொன்டு கேட்டுக்கொண்டே இருந்தான்.

"கால் வீங்கினது மாத்திரையாலதாம்மா," என்றான் கடைசியில். "எனக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்."

"எங்கிட்டயும் சொன்னா. நான் நம்பல."

"அழுத்தம் எறங்கியிருந்துது. கதவுல ஒட்டினேனே, பாக்கலியா?"

"எனக்கு எண்ணு படிக்கத் தெரியும் தம்பி. ஆனா காலைத்தான் பாத்தேன்."

அவன் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயடியில் நின்றான். குழாயைத் திறந்தான், கை கழுவவில்லை, மூடினான். திரும்பி வந்தான்.

"அந்த முடிச்ச அவுத்துடுங்க."

அங்கேயே அவிழ்த்தாள். சாக்கடையில் உதறினாள். மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு உசொன்டுவின் அக்கா வந்து சமைத்தாள். உரேடியா சமையலறைப் பக்கம் போகவில்லை. மகளைத் துடைத்துவிட்டாள், புரட்டிப் படுக்கவைத்தாள், துணி துவைத்தாள். எட்டு நாள் உசொன்டு அவளோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. ஒன்பதாம் நாள் அக்கா ஊருக்குக் கிளம்பினாள். அவன் குழம்புப் பானையைக் கழுவித் துடைத்து, கொண்டுவந்து உரேடியாவின் கையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

அவள் அதை அடுப்பில் வைத்தாள். பிறகு இலையைக் கசக்கத் தொடங்கினாள்.

மதியம் ஓபியாகேலியைப் பாயில், சுவரில் சாய்த்து உட்காரவைத்தாள். களியைச் சிறு சிறு உருண்டையாக உருட்டினாள். வாயின் நல்ல பக்கமாக ஊட்டினாள், குழந்தைக்குக் கொடுப்பதுபோல் ஒவ்வொன்றாக, விழுங்கிவிட்டாளா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து. ஓபியாகேலி இரண்டு உருண்டை விழுங்கினாள். மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். கோணிய வாயால், மிஞ்சியிருந்த சொற்களுக்குள் தேடி, ஒன்றை எடுத்தாள்.

"உப்பு."

உரேடியாவின் கை நடுவில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே, தெருவின் அந்தப் பக்கம், கடைக்காரன் உப்பு மூட்டைகளைச் சுவரை ஒட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். வாங்க ஆளில்லாமல் அடுக்கிக்கொண்டே இருந்தான்.

"இல்ல தாயி," என்றாள். "தீந்துபோச்சு."

"உப்பு."

"இல்ல. எங்க தேடியும் கெடைக்கல."

ஓபியாகேலி நம்பவில்லை. நகரக்கூடிய இடது கையை மெல்லப் பாயில் இழுத்து, அம்மாவின் மடிக்குக் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடம் கிளம்பும்போது தேடுவதுபோல் துணியைத் தடவித் தடவி முனையைக் கண்டுபிடித்தாள். நாற்பது வருடம் முடிச்சிருந்த இடத்தில் துணி சுருங்கிக் கிடந்தது. விரல்களால் அதைப் பிசைந்து பார்த்தாள். மறுபடி பிசைந்தாள். பிறகு வாயைத் திறந்து, நாக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.